லைம் நோய்: ஒரு கடிக்கு ஏன் இத்தனை நிபுணர்கள்?

காய்ச்சல் வந்தால் ஒரு டாக்டரிடம் போகிறோம். அவர் மருந்து கொடுக்கிறார். நான்கு நாளில் எழுந்து நடமாடுகிறோம். பல் வலித்தால் பல் டாக்டர், கண் மங்கினால் கண் டாக்டர். உடம்பில் எந்த இடத்தில் தொல்லையோ அந்த இடத்துக்கு உரிய நிபுணர். இந்த ஏற்பாடு நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் ஒரே நோய் இன்று தோலில் தோன்றி, அடுத்த மாதம் முகத்து நரம்பைத் தொட்டு, பிறகு இதயத்தைத் தட்டி, ஆறு மாதம் கழித்து முழங்காலில் வந்து உட்காருமானால் என்ன செய்வது? யாரிடம் போவது?

அப்படியொரு நோய் இருக்கிறது. அதற்கு லைம் நோய் என்று பெயர். எலுமிச்சம் பழத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் லைம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், நடுமேற்கின் வடபகுதியிலும், ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இந்நோய் மிகுதி. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் இதற்குச் சிகிச்சை பெறுவதாக, 2010 முதல் 2018 வரையிலான காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது.

இதை எழுதும் நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். இந்நோயின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் நடந்தது நினைவுக்கு வந்தது. மூன்று மேசைகளில் மூன்று சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு மேசையில் கால்வனாமீட்டரின் முள் நிலைகொள்ளாமல் ஆடியது. அடுத்த மேசையில் சோடியம் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மூன்றாவதில் அலையியற்றியின் அதிர்வெண் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூன்று மாணவர்களும் அவரவர் கருவியைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் கொஞ்ச நேரம் ஒவ்வொரு மேசையாக ஓடினேன். கடைசியில் பார்த்தால், அறைக்கு வரும் மின் இணைப்பில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. மூன்று கருவிகளிலும் பழுது இல்லை.

லைம் நோயின் கதையும் ஏறக்குறைய இதுதான். அங்கே மேசைகள் வெவ்வேறு நாடுகளில் இருந்தன. கம்பியைக் கண்டுபிடிக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தோல், நரம்பு, மூட்டு

1909-ஆம் ஆண்டு. ஸ்வீடன் நாட்டுத் தோல் மருத்துவர் ஆர்விட் அஃப்சீலியஸ், மருத்துவர்களின் கூட்டமொன்றில் ஒரு பெண்ணைப் பற்றிக் கூறினார். அவளை உண்ணி கடித்த இடத்தைச் சுற்றிச் செந்நிற வளையம் ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போயிற்று. ஊர்ந்து செல்லும் அந்தச் செம்மைக்கு அவர் ஒரு பெயரிட்டார். அது தோல் மருத்துவ நூல்களில் இடம்பெற்றது.

1922-ல் பிரான்ஸில் கேரன், புஜாடூ என்னும் இரு மருத்துவர்கள், உண்ணி கடித்தபின் கடும் நரம்பு வலியால் துன்புற்ற ஒருவரைப் பற்றி எழுதினார்கள். 1941-ல் ஜெர்மனியில் பான்வார்த் என்னும் மருத்துவர் அதேபோன்ற நரம்பு நோயை விரிவாக விவரித்தார். இவை நரம்பியல் நூல்களுக்குப் போயின. தோல் நூலைப் படிப்பவரும் நரம்பியல் நூலைப் படிப்பவரும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வது அரிது. இன்றும் அப்படித்தான்.

மூன்றாவது மேசை 1975-ல் அமெரிக்காவில் போடப்பட்டது. லைம் ஊரில் வாழ்ந்த பாலி முர்ரே என்னும் பெண்மணி நெடுங்காலமாக நோயுற்றிருந்தார். மூட்டு வலி, தலைவலி, தோல் தடிப்பு, சோர்வு என்று ஒன்று போனால் ஒன்று வந்தது. டாக்டர் மாற்றி டாக்டராகப் பார்த்தார். எல்லாம் மனத்தின் கோளாறு என்று சொன்னவர்களும் உண்டு. பிறகு அவர் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் இதே தொல்லைகள் வந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் முழங்கால் வீங்கியது. அவர் ஒரு காரியம் செய்தார். யாருக்கு, எப்போது, என்ன வந்தது என்று குறிப்புகள் எழுதிவைத்தார். 1975-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மாநில சுகாதாரத் துறையிடம் இதைத் தெரிவித்தார். அதே பகுதியைச் சேர்ந்த இன்னொரு தாயும் தம் பங்குக்குப் புகார் செய்திருந்தார்.

குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது மிக அரிய நோய். ஒரே தெருவில் பல குழந்தைகளுக்கு வருமா? யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டுவாதத் துறையில் இருந்த இளம் மருத்துவர் ஆலன் ஸ்டியர் விசாரணையில் இறங்கினார். லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹேடம் ஆகிய மூன்று ஊர்களில் மொத்த மக்கள் 12,000 பேர். அவர்களில் 39 குழந்தைகளுக்கும் 12 பெரியவர்களுக்கும் இத்தகைய மூட்டு நோய் இருந்தது. குறிப்பிட்ட நான்கு கிராமச் சாலைகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை வீதம் நோயுற்றிருந்தது!

ஸ்டியர் துப்பறிந்த விதம் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நோய் பெரும்பாலும் கோடையிலோ கோடை முடிவிலோ தொடங்கியிருந்தது. காடு சூழ்ந்த, வீடுகள் தள்ளித் தள்ளி உள்ள இடங்களில் மிகுதி. ஊர் நடுவில் குறைவு. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்தாலும் பெரும்பாலும் வெவ்வேறு ஆண்டுகளில் வந்திருந்தது. ஆகவே சளி, தட்டம்மை போல ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. குளிர்காலத்தில் இல்லாத, காட்டோரத்தில் வாழும் ஏதோ ஒரு பூச்சி கொண்டுவருகிறது என்று ஊகித்தார். நோயாளிகளில் கால்வாசிப் பேர், மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் தோலில் ஒரு விசித்திரமான சிவந்த வளையம் தோன்றியதை நினைவுகூர்ந்தார்கள்.

அந்த வளையம்தான் அஃப்சீலியஸ் 1909-ல் கண்ட வளையம். தோல் நூலும் மூட்டு நூலும் அங்கேதான் முதன்முதலாகக் கைகுலுக்கின. பிறகு நோயாளி ஒருவர், அவர் ஒரு சூழலியலாளர், தம்மைக் கடித்த பூச்சியைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி ஆராய்ச்சியாளர்களிடம் கொடுத்தார். அது ஓர் உண்ணி.

கம்பி எங்கே தளர்ந்தது?

நம் ஊர் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிக்கு இது உறவுதான். ஆனால் லைம் நோயைப் பரப்பும் அமெரிக்கக் கருங்கால் உண்ணி தமிழ்நாட்டில் இல்லை. (ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு, முழங்கால் வலிக்கிறதே, இதுவாக இருக்குமோ என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.)

இந்த உண்ணியின் வாழ்வு ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அதற்குள் மூன்று முறைதான் வயிறு நிறைய இரத்தம் குடிக்கிறது. முட்டையிலிருந்து வரும் லார்வாவிடம் நோய்க்கிருமி இல்லை. அது பெரும்பாலும் வெண்கால் எலியைக் கடிக்கும்போது எலியின் இரத்தத்திலிருந்து கிருமியைப் பெறுகிறது. மறு ஆண்டு கோடையில் அது நிம்ஃப் என்னும் இளம் பருவத்தை அடைந்து அடுத்த இரத்தத்தைத் தேடுகிறது. இப்போது அதன் பருமன் ஒரு கசகசா விதை அளவு. கடித்தால் வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. முழு வளர்ச்சியடைந்த உண்ணி எள் அளவாவது இருக்கும், கண்ணில் பட்டுவிடும். மனிதனுக்குப் பெரும்பாலும் நோய் தருவது கண்ணில் படாத இந்தக் கசகசாதான். மானின் மேல் வளர்ந்த உண்ணிகள் ஏறிப் பெருகுகின்றன. ஆனால் மான் கிருமியைக் கொடுப்பதில்லை. பழி மான் மேல், குற்றம் எலி மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

1981-ல் மொன்டானா மாநிலத்து ராக்கி மலை ஆய்வுக்கூடத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்னும் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த அறிஞர், நியூயார்க்கை அடுத்த ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது வேறொரு காய்ச்சலின் கிருமியை. உண்ணியின் குடலில் கண்டதோ சுருள் சுருளான மெல்லிய உயிர்கள். வேறொருவர் கண்ணில் பட்டிருந்தால் கடந்து போயிருக்கும். அவரோ இளமையில் தம் டாக்டர் பட்டத்துக்கே உண்ணியில் வாழும் சுருள் கிருமிகளை ஆராய்ந்தவர்! 1982-ல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. 1984-ல் கிருமிக்கு பொரீலியா பர்க்டார்ஃபரி என்று அவர் பெயரே சூட்டப்பட்டது.

இந்தக் கிருமியின் நீளம் 10 முதல் 30 மைக்ரான், தடிமன் 0.2 அல்லது 0.3 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. பொதுவாக, நீந்தும் பாக்டீரியாக்களுக்குக் கசையிழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கோ அவை உடலின் இரு உறைகளுக்கு இடையே உள்ளேயே இருக்கின்றன. அவை சுழலும்போது உடல் முழுவதும் அலைபோல் நெளிகிறது. நீர் போன்ற ஊடகத்தில் நீந்தும் மற்ற பாக்டீரியாக்கள் கூழ் போன்ற ஊடகத்தில் சிக்கித் தவிக்கும். இது கூழில்தான் தேர்ச்சி காட்டுகிறது. நம் தோலின் அடிப்பகுதியும், மூட்டுகளைச் சுற்றிய இணைப்புத் திசுவும் எப்படிப்பட்டவை? கூழும் நாருமாக ஆனவை. பல நிபுணர்கள் தேவைப்படுவதற்கான முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கிருமி ஓர் உறுப்பில் தங்கும் கிருமி அன்று, இடம்பெயரும் கிருமி.

இரண்டாவது காரணம், அது நஞ்சு எதையும் சுரப்பதாகத் தெரியவில்லை. 1997-ல் அதன் மரபுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டபோது, நாமறிந்த நஞ்சுகளுக்கான மரபணு அதில் காணப்படவில்லை. வீக்கமும் வலியும் பெரும்பாலும் நம் உடலின் எதிர்ப்புப் படை கிளப்பும் அமளியால் வருபவை. எதிர்ப்பு இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆதலால் நோயின் முகமும் மாறுகிறது.

வளையத்திலிருந்து முகத்துக்கு

உண்ணி ஒட்டியவுடனே நோய் வந்துவிடுவதில்லை. வழக்கமாக 24 மணி நேரத்துக்கு மேல் அது ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்தால்தான் கிருமி நம்முள் வருகிறது. அதற்குள் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. நெருப்பால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் கூடாது.

கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், நோயாளிகளில் 100-க்கு 70 முதல் 80 பேருக்கு அந்தச் செம்மை தோன்றுகிறது. நடுவில் வெளுத்து ஓரம் சிவந்து, அம்பு எய்யும் இலக்கு போல் இருக்கும் என்று நூல்களில் படம் போடுகிறார்கள். உண்மையில் பலருக்கு அது சீரான ஒரே சிவப்பாகவே இருக்கிறது. இலக்கு வளையத்தையே எதிர்பார்க்கும் டாக்டர், சாதாரணச் சிவப்பைப் படையென்றோ வேறு பூச்சிக்கடியென்றோ எண்ணிவிடலாம். முதுகிலும் முழங்காலின் பின்புறத்திலும் வந்தால் நோயாளியே அதைப் பார்க்க முடியாது. இந்தக் கட்டத்தில் குடும்ப டாக்டரோ தோல் நிபுணரோ கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளின் 10 நாள், அல்லது அமாக்ஸிசிலின் 14 நாள் போதும். கதை முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்தும் விடுகிறது. வேறு நிபுணர் எவரையும் அவர்கள் பார்க்க வேண்டியதில்லை.

முடியாவிட்டால்? சில வாரங்களில் கிருமி இரத்தத்தின் வழியே பரவுகிறது. ஒருநாள் காலை பல் துலக்கும்போது வாயில் வைத்த நீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. கண்ணை மூட முடியவில்லை. முகத்து நரம்பு செயலிழந்துவிட்டது. இப்படி முகம் கோணுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் காரணமே தெரியாத வகைக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது வழக்கம். லைம் நோயால் வந்ததென்றால் ஆன்டிபயாடிக் வேண்டும். இரு பக்கமும் ஒருசேரக் கோணினால் ஐயம் வலுக்கிறது. வேறு சிலருக்கு மூளை உறைகளில் அழற்சி உண்டாகிக் கடுந்தலைவலி வருகிறது; சிலருக்கு முதுகெலும்பிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களில் இரவில் தூங்கவிடாத வலி. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்க நரம்பியல் நிபுணர் தேவை. மிகச் சிலருக்குக் கண்ணின் உட்பகுதியில் அழற்சி வரும். அப்போது கண் நிபுணர்.

ஒரு பெரிய கட்டம்

இதயத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். ஒன்று, இது இயற்பியல். இன்னொன்று, இந்நோயில் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான்.

இதயத் துடிப்பு ஒரு மின் துடிப்பில் தொடங்குகிறது. அது மேலறைகளில் பிறந்து, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள ஒரு சிறு கணுவின் வழியாகக் கீழே இறங்குகிறது. மின்சாரம் என்றவுடன் மின்னல் வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழறைச் சுவர்களில் பரவும் சிறப்பு இழைகளில் இந்தத் துடிப்பு வினாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் நடுக்கணுவில் வேகம் வினாடிக்கு 0.05 மீட்டர்தான், எறும்பு ஊர்வதைப் போல! இந்தத் தாமதம் குறையன்று. மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளில் நிரப்புவதற்கு அவகாசம் வேண்டுமன்றோ? அதற்காக இயற்கை வைத்த தடை அது.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்திருப்பீர்கள். அதில் கிடைமட்டமாக ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, ஐந்து சிறு கட்டம் சேர்ந்த ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி. மேலறைத் துடிப்பைக் காட்டும் சிறு மேட்டின் தொடக்கத்திலிருந்து கீழறைத் துடிப்பைக் காட்டும் கூர்முனையின் தொடக்கம் வரை எண்ணுங்கள். நலமான பெரியவருக்கு அது மூன்று சிறு கட்டத்திலிருந்து ஒரு பெரிய கட்டத்துக்குள் அடங்கும். லைம் கிருமியால் நடுக்கணுவில் அழற்சி ஏற்பட்டால் இந்த இடைவெளி நீளுகிறது. 0.3 வினாடியை, அதாவது ஒன்றரைப் பெரிய கட்டத்தைத் தொட்டுவிட்டால் நோயாளியை மருத்துவமனையில் வைத்து இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள். ஏனெனில் அது சில மணி நேரத்திலேயே முழு அடைப்பாக மாறலாம். அப்போது மேலறை தன்பாட்டுக்கு அடிக்கும். கீழறை தன்பாட்டுக்கு, மிக மெதுவாக அடிக்கும். தலைசுற்றல், மயக்கம், சில சமயம் மரணம்.

இதயம் பாதிக்கப்படுவது பதிவாகும் நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். ஆனால் 2012 நவம்பருக்கும் 2013 ஜூலைக்கும் இடையே அமெரிக்காவில் 26 முதல் 38 வயதுக்குட்பட்ட மூவர் திடீரென இறந்துபோனார்கள். இறந்த பின் திசுக்களை ஆராய்ந்தபோதுதான் லைம் கிருமி இதயத்தில் இருந்தது தெரிந்தது. உயிரோடு இருந்தபோது மூவரில் ஒருவருக்கும் லைம் நோய் என்று எவரும் சொல்லியிருக்கவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். முப்பது வயது இளைஞர் ஒருவர் மயங்கி விழுகிறார். இதய நிபுணர் ஈ.சி.ஜி. எடுக்கிறார், முழு அடைப்பு. முதியவர்களுக்கு இப்படி வந்தால் வாழ்நாள் முழுவதும் இருக்கும்படி பேஸ்மேக்கர் பொருத்துவது வழக்கம். லைம் நோயால் வந்த அடைப்போ ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில், அல்லது சில வாரங்களில் நீங்கிவிடும். இடைக்காலத்துக்குத் தற்காலிகப் பேஸ்மேக்கர் போதும். "சென்ற மாதம் உங்கள் தோலில் எங்காவது சிவந்திருந்ததா? காட்டுப்பக்கம் போனீர்களா?" என்ற இரண்டு கேள்விகளை இதய நிபுணர் கேட்கிறாரா என்பதைப் பொறுத்து, அந்த இளைஞரின் மார்பில் ஒரு கருவி அறுபது ஆண்டுக்குத் தங்குவதும் தங்காததும் அமைகிறது. தோல் நிபுணர் கேட்க வேண்டிய கேள்வியை இதய நிபுணர் கேட்க வேண்டியிருக்கிறது. சிக்கலே இதுதான்.

இரத்தப் பரிசோதனை சொல்லாதா?

இத்தனை குழப்பம் எதற்கு, இரத்தத்தைப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். வழக்கமான பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடல் செய்த எதிர்ப்பொருளைத் தேடுகிறது. எதிர்ப்பொருள் போதிய அளவில் தோன்றச் சில வாரங்கள் ஆகும். ஆகவே வளையம் தோன்றிய முதல் வாரத்தில் பரிசோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அந்நிலையில் டாக்டரின் கண்ணே கருவி. மாறாக, நோய் குணமான பின்னும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கலாம். ஐந்து ஆண்டுக்கு முன் வந்து போன நோயின் சுவட்டைக் காட்டி, இன்றைய முதுகுவலிக்குக் காரணம் இதுவே என்று சொன்னால் தவறாகிவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. கற்பனைக் கணக்கு ஒன்று போடுவோம். நோயற்ற 100 பேரில் 5 பேருக்குத் தவறாக 'உண்டு' என்று காட்டும் ஒரு பரிசோதனை. ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம்; அவர்களில் உண்மையான நோயாளிகள் 10 பேர்; பத்துப் பேரையும் அது பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 990 பேரில் ஏறத்தாழ 50 பேருக்குத் தவறான 'உண்டு'. ஆக மொத்தம் 60 பேரிடம் அறிக்கை 'உண்டு' என்கிறது. அவர்களில் ஐம்பது பேருக்கு நோயே இல்லை! அதனால்தான் முதல் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்தால் இரண்டாவது வகைப் பரிசோதனையால் உறுதி செய்துகொள்கிறார்கள். அதனால்தான், நோய்ப் பகுதிக்கே போகாதவரைச் சும்மா சோதித்துப் பார்ப்பதில்லை. இந்த எண்களை எடைபோட்டு, அறிக்கையை நோயாளியின் கதையோடு சேர்த்துப் படிப்பவர் தொற்றுநோய் நிபுணர். அவருக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. ஒரே உண்ணி ஒரே கடியில் பபீசியா என்னும் மலேரியாவைப் போன்ற ஒட்டுண்ணியையும் கொடுத்துவிடலாம். அது இரத்தச் சிவப்பணுக்களுக்குள் வாழ்வது. லைம் நோய்க்குரிய டாக்ஸிசைக்ளினுக்கு அடங்காது. மருந்து தின்றும் காய்ச்சல் விடவில்லையென்றால் அவர் நினைவு அங்கே போகும்.

வீக்கம் வடியாதபோது

சிகிச்சையே பெறாதவர்களில் ஏறத்தாழ 100-க்கு 60 பேருக்குச் சில மாதங்கள் கழித்து மூட்டு வீங்குகிறது. பெரும்பாலும் ஒரு முழங்கால். சில சமயம் இரண்டும். வீக்கம் பெரிது, ஆனால் அந்த அளவுக்கு வலி இருப்பதில்லை. மூட்டு நிபுணர் ஊசியால் நீரை எடுத்துப் பார்க்கிறார். இந்நிலையில் ஆன்டிபயாடிக் 28 நாள். பெரும்பாலோர்க்குக் குணம் தெரிகிறது. மிகச் சிலருக்குக் கிருமி ஒழிந்த பின்னும் வீக்கம் வடிவதில்லை. எதிர்ப்புப் படை சண்டை ஓய்ந்தது தெரியாமல் சுட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்கு மேலும் மேலும் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து வேண்டும். இந்த எல்லைக்கோட்டைத் தாண்டும் நேரத்தை அறிவது மூட்டுவாத நிபுணரின் கலை. முன்னதாகவே தாண்டினால் கிருமிக்குக் கொண்டாட்டம். தாண்டாமலே நின்றால் நோயாளிக்கு வீண் மருந்து.

கடைசியாக, மிகுந்த மனக்கசப்பை உண்டாக்கிவரும் ஒரு பிரச்சினை. முறையான சிகிச்சை பெற்றவர்களிலும் 100-க்கு 5 முதல் 10 பேருக்குச் சோர்வு, உடல்வலி, மனம் ஒன்ற முடியாமை ஆகியவை ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கின்றன. காரணம் இன்னும் விளங்கவில்லை. கிருமி ஒளிந்திருக்கிறது என்று நம்பி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு. 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் இத்தகையோர் சிலருக்கு 90 நாள் மருந்தும், சிலருக்கு வெறும் பொய் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள்; இரு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. 2016-ல் நெதர்லாந்தில் 280 பேரிடம் நடந்த ஆய்வும் நீண்ட கால மருந்தால் கூடுதல் பயன் இல்லை என்றே காட்டியது. நரம்பில் நிரந்தரமாகப் பொருத்திய குழாய் வழியே வேறு கிருமிகள் நுழைந்து உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் நோயாளிக்குக் கோபம் வருகிறது. அப்படியானால் என் வலி பொய்யா என்கிறார். பொய்யில்லை. மருந்து அதுவன்று என்பதே செய்தி. உறக்கம் கெட்டிருந்தால் உறக்க நிபுணர், தசை தளர்ந்திருந்தால் உடற்பயிற்சி மருத்துவர், தைராய்டு, இரத்தசோகை போன்ற வேறு நோய் மறைந்திருக்கிறதா என்று பார்க்கப் பொது மருத்துவர், நெடுநோயால் மனம் சோர்ந்திருந்தால் மனநல மருத்துவர். கடைசியாகச் சொன்னவரிடம் அனுப்பினால், 'உனக்கு ஒன்றுமில்லை, போ' என்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாலி முர்ரேக்கு நேர்ந்ததை நினைத்தால் அந்த ஐயம் நியாயமற்றது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் கால் ஒடிந்தவருக்கும் மனம் சோர்வதுண்டு. அதனால் ஒடிந்த எலும்பு கற்பனையாகிவிடாது.

2020-ல் அமெரிக்காவின் தொற்றுநோய் மருத்துவர்கள், நரம்பியல் மருத்துவர்கள், மூட்டுவாத மருத்துவர்கள் ஆகியோரின் மூன்று சங்கங்கள் ஒன்றுகூடி லைம் நோய்க்குப் பொதுவான ஒரே வழிகாட்டு நூலை வெளியிட்டன. 1909-ல் தோல் மருத்துவர் ஒருவர் தொடங்கிய குறிப்பேட்டில் மூன்று துறையினர் சேர்ந்து கையெழுத்திட 111 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

நோய்ப் பகுதிகளில் நோயாளிகளுக்கு இப்போது தரப்படும் அறிவுரை எளியது. நிபுணர்கள் எத்தனை பேரானாலும், எல்லா அறிக்கைகளும் வந்து சேரும் டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். தோலில் செம்மை கண்டால் அதை நாளிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து மாதம் கழித்துச் செம்மை இராது, படம் இருக்கும். எந்த மருந்து எத்தனை நாள் உண்டார் என்பதும் அதே குறிப்பில் இருக்க வேண்டும். பிப்ரவரி மாதம், கனெக்டிகட்டில் பனி கொட்டுகிறது, ஓர் உண்ணியும் வெளியே இல்லை. வீங்கிய முழங்காலோடு ஒரு பத்து வயதுச் சிறுமி மூட்டு நிபுணர் முன் உட்கார்ந்திருக்கிறாள். அவர் முழங்காலைத் தொடுவதற்கு முன் தாயைப் பார்த்துக் கேட்கிறார்: "போன ஜூன் மாதம் இவள் எங்கே விளையாடினாள்?"